‘புள்ளைக்குத் தெரியாம போட்டுக் கொடுங்க’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் செல்போனைப் பெற்றோர் தினமும் வாங்கிப் பார்க்க வேண்டும், பெற்றவர்களிடம் பிள்ளைக்கு என்ன அந்தரங்கம் வேண்டிக்கிடக்கிறது என்று போன வாரம் நம் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சொல்கிற வேலையைச் செய்து கொடுக்கச் சொல்லி ஆட்கள் வந்து நிற்பது என் கடை வாசலில். அதனால் எனக்கும் சொல்ல ஒன்றிரண்டு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் பன்னிரண்டு வருடமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, டிஸ்ப்ளே மாற்றுவது, பழைய போன் வாங்கி விற்பது, இதுதான் பிழைப்பு. வாரத்துக்கு இரண்டு பேராவது கவுன்டரில் குனிந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “தம்பி, புள்ள போன்ல என்ன பண்ணுதுன்னு என் போன்ல தெரியுற மாதிரி ஏதோ ஆப் இருக்காமே, புள்ளைக்குத் தெரியாம போட்டுக் கொடுங்க.” யூடியூபில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் மச்சான் யாராவது சொல்லியிருப்பார். கேட்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறும், அந்த ‘தெரியாம’ மட்டும் மாறாது.

முன்பெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒளிப்பானேன். முந்நூறு ரூபாய் வாங்குவேன். இப்போது போடுவதில்லை.

அந்த ஆப் எப்படி வேலை செய்கிறது என்று வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். பிளே ஸ்டோரில் இந்த ரகம் கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் ஒளிந்துகொண்டு உளவு பார்க்கிற ஆப்பை கூகுள் அனுமதிப்பதில்லை. வெளியே ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து ஏபிகே ஃபைலாக, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேராகப் போனில் ஏற்றுகிற ஃபைலாக, இறக்க வேண்டும். இறக்கியதும் முதல் வேலையாக, கெட்ட ஆப்பைக் கண்டுபிடிக்கப் போனிலேயே இருக்கிற பிளே ப்ரொடெக்டை ஆஃப் பண்ணச் சொல்லும். அதாவது திருட வருகிறவன் முதலில் வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்கிற மாதிரி. அப்புறம் நோட்டிபிகேஷன், மைக், கேமரா, லொகேஷன் என்று வரிசையாக அனுமதி கேட்கும், எல்லாவற்றுக்கும் ‘அலோ’ கொடுக்க வேண்டும். கடைசியில் ஐகான் காணாமல் போய்விடும். சரி, பிள்ளையின் மெசேஜ் அப்பாவின் போனுக்கு எந்த வழியாக வருகிறது? நேராக வருவதில்லை. எந்த நாட்டில் இருக்கிறது, யாருடையது என்றே தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய் அங்கே தங்கி, அங்கிருந்துதான் வருகிறது. பதிமூன்று வயதுப் பெண் தோழிக்கு அனுப்பிய போட்டோவை அப்பா பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்கிறது.

நான் சும்மா பயமுறுத்தவில்லை. பிள்ளைகளைக் கண்காணிப்பதற்கென்றே அமெரிக்காவில் விற்ற டீன்சேஃப் என்ற ஆப்பின் சர்வர் 2018இல் பாஸ்வேர்டுகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. பிள்ளைகளின் ஆப்பிள் ஐடியும் அதன் பாஸ்வேர்டும் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி அப்படியே இருந்தன. எம்ஸ்பை என்று இன்னொன்று. 2015இல் ஒருமுறை, 2018இல் ஒருமுறை, 2024இல் ஒருமுறை என்று அங்கிருந்து தகவல்கள் கசிந்திருக்கின்றன. நம் நாட்டிலும் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கம்பெனிகள் பின்தொடர்ந்து வேவு பார்க்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது, அவர்கள் தகவலைத் தொடுவதற்கே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, சம்மதம் வாங்குகிற பகுதி நடைமுறைக்கு வர ஒன்றரை வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் பிள்ளையைப் பின்தொடரக் கூடாது என்று சட்டம் வேலி கட்டிக்கொண்டிருக்கும்போது, நாம் முந்நூறு ரூபாய் கொடுத்து வேறொரு கம்பெனிக்காரனைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறோம்.

இவ்வளவும் தெரிந்த நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் யோக்கியமாக இருக்காது.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மார்க் குறைந்தது, போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள், நான் அறைக்குள் போனால் போனைக் கவிழ்த்து வைத்தாள். என் சந்தேகத்துக்கு இருந்த ஆதாரம் மொத்தமே இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் போனை எடுத்தேன். பேட்டர்ன் எனக்குத் தெரியும், போட்டுக் கொடுத்ததே நான்தான். கடை லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, அவள் போனால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். ஒரு நிமிட வேலை, அவள் வாட்ஸ்அப் அப்படியே என் லேப்டாப்பில் திறந்துவிட்டது.

பதினோரு நாள் படித்தேன். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில், டீயை வைத்துக்கொண்டு, சீரியல் பார்க்கிற மாதிரி. என்ன கிடைத்தது? கெமிஸ்ட்ரி மிஸ் எப்படி நடப்பார் என்ற கிண்டல், யார் ரெக்கார்டு நோட்டு யாரிடம் இருக்கிறது, நூற்றுக்கணக்கில் சிரிக்கிற பொம்மைகள். அப்புறம் ஒரு தோழி, தன் அப்பா இரவில் குடித்துவிட்டு வந்து வீட்டில் செய்கிற ரகளையைப் பற்றி என் மகளிடம் மட்டும் சொல்லி அழுத மெசேஜ்கள். அது எனக்குத் தெரிந்திருக்கவே கூடாத விஷயம். அந்த மனிதர் மாதம் தவறாமல் என் கடையில் ரீசார்ஜ் செய்கிறவர், இன்றைக்கும் அவர் வந்து நின்றால் எனக்குக் கை ஓடாது. என் மகள் போனைத்தானே பார்க்கிறேன் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிற இன்னொரு வீட்டுப் பெண்ணையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அதுவரை உறைக்கவில்லை. அந்தப் பெண்ணின் சம்மதத்தை யார் கொடுத்தது?

பன்னிரண்டாம் நாள் மாட்டிக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்று ஒன்று வரும். வேறு எந்தக் கருவியில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது என்று நேரம் முதற்கொண்டு காட்டும். வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாடம் எடுக்கிறவன் நான். சாயங்காலம் பாப்பா கடைக்கே வந்து போனைக் கவுன்டரில் வைத்தாள். திரையில் ‘குரோம், விண்டோஸ்’ என்றும், கீழே அன்று மத்தியான நேரமும் இருந்தது.

“இது நம்ம கடை லேப்டாப் தானப்பா?”

சத்தம் போட்டிருந்தால்கூட சமாளித்திருப்பேன். நான் வழக்கமான வசனத்தை ஆரம்பித்தேன், உன் நல்லதுக்குத்தான் பாப்பா, காலம் கெட்டுக் கிடக்கு, பேப்பர்ல தினமும் பாக்குறோம்ல என்று. அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “என் சடங்கு போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெச்சீங்க. கிளாஸ்ல இருக்குற பசங்க அவங்க அப்பா போன்ல பாத்துட்டு வந்து ஒரு வாரம் கேலி பண்ணாங்க. அப்பவும் என்னைக் கேக்கல, இப்பவும் கேக்கல.”

என்னிடம் பதில் இல்லை. சடங்குக்கு முக்கு ரோட்டில் பத்துக்கு எட்டு பிளெக்ஸ் வைத்தவன் நான். மாலையும் கழுத்துமாக அவளை நிறுத்தி எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்ததும் நான்தான். ஊருக்கே அறிவித்த அந்த அப்பாதான் இப்போது, அவள் போட்டோ யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று ஒளிந்திருந்து காவல் காக்கிறேன். பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு எப்போதும் இன்ஸ்டாகிராமில்தான் ஆரம்பிக்கிறது. மார்க் ஷீட்டை, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிற கையை, சடங்கை எல்லாம் முதலில் இணையத்தில் ஏற்றியது யார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் தலையைக் குனிய வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் போனில் பள்ளி குரூப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. நான் திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு தோழியின் பழைய போனில் வேறு பெயரில் இன்ஸ்டாகிராம் திறந்திருந்தாள் என்று ரொம்ப நாள் கழித்து அவளே சொன்னாள். நான் பார்த்தபோது பார்க்க ஒன்றுமில்லை, பார்க்க வேண்டியது வந்தபோது அது என் கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

இதை என் ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிடலாம். அதனால் இன்னொன்று.

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் போன வருடம் வந்தான், வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத போனை நீட்டி, “அண்ணே, இதை எடுத்துக்கிட்டு எவ்வளவு தருவீங்க” என்றான். பில், பாக்ஸ் எல்லாம் கையோடு கொண்டு வந்திருந்தான். பதினெட்டு வயது ஆகாதவர்களிடம் பெரியவர்கள் இல்லாமல் பழைய போன் வாங்குவதில்லை என்றேன். போகாமல் நின்றான். கூட்டம் குறைகிற வரை நின்றான். அப்புறம் சொன்னான். இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒரு கணக்கு, அவன் புரொபைல் போட்டோவை எடுத்து அசிங்கமான படத்தோடு ஒட்டி, உன் நண்பர்கள் லிஸ்ட் என்னிடம் இருக்கிறது, எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவின் ஜிபேயிலிருந்து முதலில் ஐந்நூறு, அப்புறம் ஆயிரம், அப்புறம் இரண்டாயிரம் போயிருக்கிறது. இப்போது ஐயாயிரம் கேட்கிறார்கள்.

வீட்டில் சொன்னாயா என்றேன். “அப்பாவுக்குத் தெரிஞ்சா போனைப் புடுங்கிருவாருண்ணே. முன்னாடி ஒண்ண செவுத்துல அடிச்சு ஒடச்சிருக்காரு.”

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த அப்பா அலட்சியமான ஆள் கிடையாது. தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பையன் போனை வாங்கி, கேலரி, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். கட்டுரையாளர் சொல்கிற அத்தனையையும் அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தவர். பையன் எட்டே முக்காலுக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுப்பான். அதோடு பார்க்க கால்குலேட்டர் மாதிரியே இருக்கிற ஒரு ஆப். நிஜமாகவே கூட்டல் கழித்தல் போடும், சரியான எண்ணை அடித்தால் உள்ளே போட்டோக்களை ஒளித்து வைக்கிற பெட்டி திறக்கும். அவர் அதை எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பாரோ. அந்த அழிக்கிற பழக்கத்தால் மிரட்டியவன் அனுப்பிய பாதி மெசேஜ்களும் போய்விட்டன, புகாருக்கு ஆதாரம் தேட வேண்டியதாயிற்று.

அவன் சம்மதத்தோடு அவன் அப்பாவைக் கடைக்கு வரச் சொன்னேன். முதல் அடி என் கடையிலேயே விழுந்தது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். பணம் போன மெசேஜ்களை வரிசையாகக் காட்டியதும் அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்ட கேள்வி, “ஏன்டா, எங்கிட்ட சொல்லாம இவருகிட்ட வந்து சொல்லியிருக்க?” பையன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

அங்கிருந்தே 1930க்குப் போன் போட்டோம், பணம் ஏமாந்தால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் கிரைம் எண் அது. தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் பதிந்தோம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் அதில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. போன பணம் வரவில்லை. ஆனால் பணம் கொடுப்பதை நிறுத்தி, அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்த பிறகு மிரட்டலும் நின்றுவிட்டது. பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: இப்படி ஒன்று நடந்தால் மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தை மட்டும் யோசனை கேட்கிறேன் என்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பிவிடாதீர்கள். சிறுவர்களின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், அனுப்புகிறவர் அப்பாவாகவே இருந்தாலும். பிள்ளை தானாகப் பேச விரும்பினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

மிரட்டுகிறவனுக்கு அந்தப் படத்தால் வருகிற பலம் கொஞ்சம்தான். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பிள்ளைக்கு இருக்கிற பயத்தில்தான் அவன் பிழைக்கிறான். அந்தப் பயத்தை நாம்தான் போனைப் பிடுங்கிப் பிடுங்கி வளர்த்து வைத்திருக்கிறோம். தினம் தினம் எதைப் படித்தோம் என்பதைவிட, ஒரு மோசமான ராத்திரியில் பிள்ளை நம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று “அப்பா, ஒரு விஷயம்” என்று சொல்லுமா என்பதுதான் கேள்வி என்று நான் அன்றைக்கு நினைத்தேன். திருட்டுத்தனமாகப் படிக்கிற அப்பாவிடம் அது வந்து நிற்காது.

அதற்காகப் பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனிப் போனே வேண்டாம், அம்மா போனில் ஹாலில் உட்கார்ந்து பார்க்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பதிமூன்றில் யாரோடு பழகுகிறது என்று தெரிந்தால் போதும். பதினாறில் அதுவும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பது என்றால் பிள்ளைக்குத் தெரிந்தே பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அதற்குக் காசில்லாத வழிகளே இருக்கின்றன. கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற ஆப்பில், பிள்ளை எந்த ஆப் இறக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டிக்கொள்ள வேண்டும், போன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பெற்றோர் கையில். மெசேஜைப் படிக்க முடியாது. இப்படி ஒன்று போட்டிருப்பது பிள்ளைக்கும் தெரியும். இன்ஸ்டாகிராமில் 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் டீன் அக்கவுண்ட் என்று வந்திருக்கிறது: 16 ஆகாதவர்களின் கணக்கும், 18 ஆகாதவர்கள் புதிதாகத் திறக்கிற கணக்கும் தானாகவே பிரைவேட் ஆகிவிடும், இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை நோட்டிபிகேஷன் சத்தம் போடாது, 16க்குக் கீழ் என்றால் இதையெல்லாம் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பெற்றோர் தங்கள் கணக்கை இணைத்துக்கொண்டால், கடந்த 7 நாளில் பிள்ளை யாருக்கு மெசேஜ் அனுப்பியது என்று பார்க்கலாம், என்ன அனுப்பியது என்று பார்க்க முடியாது. கம்பெனிக்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை எல்லாம் கிடையாது, ஆனால் இந்தக் கோடு நியாயமான இடத்தில் போட்டிருப்பதாகத்தான் படுகிறது.

இதெல்லாம் வேலை செய்ய பிறந்த தேதி சரியாக இருக்க வேண்டும், அங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குத் திறக்கும்போது வருடம் கேட்கும், பிள்ளை விரலால் ஒரே தள்ளு, சக்கரம் சுற்றி 1998இல் போய் நிற்கும். பக்கத்தில் நிற்கிற அப்பாவும் “ஏதாச்சும் போட்டு வேலையை முடிங்க” என்பார். அந்த ஒரு தள்ளில் அவர் பிள்ளையைப் பெரியவர்கள் கூட்டத்துக்குள் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து உளவு ஆப் கேட்டு வருகிறார். (கணக்குத் திறக்கப் பதிமூன்று வயதாகியிருக்க வேண்டும் என்கிற விதியே அமெரிக்காவில் 1998இல் வந்த ஒரு சட்டத்திலிருந்து வந்தது, அதற்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைப் பெற்றோரைக் கேட்காமல் சேகரிக்கக் கூடாது என்பதற்காக. பிள்ளைக்குப் பக்குவம் வருகிற வயது என்று யாரும் அளந்து வைத்ததில்லை.)

ஆஸ்திரேலியா மாதிரி ஒரேயடியாகத் தடை போட்டுவிட்டால் என்ன என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக வலைத்தளங்களில் கணக்கு கூடாது, மீறினால் அபராதம் கம்பெனிக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே பாதி வீடுகளில் பிள்ளை பயன்படுத்துவது அம்மா பெயரில் இருக்கிற போனும் அம்மா பெயரில் இருக்கிற கணக்கும். அதில் எந்த வயதைப் பார்த்துப் பிடிப்பார்கள்? போதாததற்கு, போனே வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. 2020 லாக்டவுனில் ஆன்லைன் வகுப்புக்காகக் கம்மலை அடகு வைத்த காசோடு என் கடைக்கு வந்த அம்மாக்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறார்கள். போன் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது, பிள்ளை அடம்பிடித்து வாங்கியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். என்னிடம் ஆப் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது பெண் பிள்ளையின் போனுக்கு. பையனுக்கு ‘படிக்க மாட்டேங்கிறான், கேம் ஆடுறான்’, பெண்ணுக்கு ‘யாரோடயோ பேசுறா’. ஒருமுறை ஒரு இளைஞன் காலேஜ் படிக்கிற தன் தங்கையின் போனைக் கொண்டு வந்து லாக்கை எடுக்கச் சொன்னான். தங்கைக்கு இருபது வயதாம். என்ன விஷயம் என்றேன், “எந்த ஆளுங்களோட பேசுறான்னு பாக்கணும்” என்றான். ‘ஆளுங்க’ என்று அவன் எதைச் சொன்னான் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குப் புரியாமல் இல்லை. முடியாது என்று திருப்பி அனுப்பினேன். வேறு கடைக்குப் போயிருப்பான். பிள்ளைப் பாதுகாப்பு, சைபர் கிரைம் என்று நாம் பேசுகிற பேச்சை எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கும் ஆட்கள் வருகிறார்கள் என்பதைக் கட்டுரை எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்தரங்கம் பெரியவர்களுக்குத்தான் என்ற அவருடைய வரியை எங்கள் கடைக்கு வரும் வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள், அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1989இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது, 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தாயிற்று என்றார். “அதுக்காக உங்க பொண்ணு உங்களக் கோர்ட்டுக்கு இழுக்காதுங்க, பயப்படாதீங்க” என்று சிரித்துக்கொண்டே டெம்பர் கிளாஸ் மாற்றிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கிற ஏற்பாடு இது, எல்லாருக்கும் ஒத்து வரும் என்று சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு எல்லாப் போனும் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில். எல்லா என்றால் என்னுடையதும். முதல் வாரத்திலேயே கடை குரூப்பில் ஏதோ வந்ததென்று எழுந்து போய்ப் பார்த்து மாட்டிக்கொண்டேன், என் வீட்டுக்காரம்மா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள். நேரில் பார்க்காத ஆள் மெசேஜ் அனுப்பினால் பாப்பா எங்களிடம் சொல்வாள், சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். அவள் போட்டோவை அவளைக் கேட்காமல் யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. அவள் போன் பாஸ்வேர்டை அவளே ஒரு சீட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டு பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவளைக் காணவில்லை, ஆபத்து என்றால் மட்டும் பிரிக்கலாம். பிரித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒன்றரை வருடமாகிறது, கவர் அப்படியே இருக்கிறது. இரண்டு தடவை என் கை அது வரைக்கும் போயிருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை அவள் டியூஷனிலிருந்து ஒன்றே கால் மணி நேரம் தாமதமாக வந்தபோது, இன்னொரு தடவை காரணமே இல்லாமல்.

போன மாதம் அவளாகவே போனைக் கொண்டு வந்து, “இந்த ஆள் யாருன்னே தெரியலப்பா, என் ஸ்கூல் பேரு, யூனிஃபார்ம் கலர் எல்லாம் சொல்றான்” என்று காட்டினாள். ரிப்போர்ட் செய்து பிளாக் செய்தோம், அவள் போட்ட ஒரு வீடியோவில் ஐடி கார்டு தெரிந்ததைக் கண்டுபிடித்து அதை எடுத்தாள். பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் பேனாவால் அடித்தாள், தோழியைப் பற்றி எழுதியதில் ஆள் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்த ஒரு வரியும், அவளைப் பற்றிய இன்னொன்றும். சடங்கு போட்டோ விஷயம் இருக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருக்கட்டும், ஆனா பேரு போடாதீங்க” என்றாள். எனவே ஆசிரியர் அவர்கள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரும் ஊரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு செல்போன் கடைக்காரர்,
திண்டுக்கல் மாவட்டம்.